டைட்டன் சோல்ஸ்: ஒரே அம்பு, ஒரே அடி

சோல்ஸ் வகை கேம் (‘டார்க் சோல்ஸ்’ பாணியில், செத்துச் செத்துப் பழகும் சண்டை கேம்) என்றதும் நினைவுக்கு வரும் சாமான்கள் சில உண்டு: ஸ்டாமினா (தெம்பு) பட்டை, மருந்துக் குடுவை, லெவல் ஏற்றும் புள்ளிகள், செத்த இடத்துக்கே திரும்பிப் போய் அந்தப் புள்ளிகளைப் பொறுக்கும் பதைப்பு. ‘டைட்டன் சோல்ஸ்’ இவற்றில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. கவசம் இல்லை, மாற்று ஆயுதம் இல்லை, வழியில் வெட்டித் தள்ளச் சில்லறை எதிரிகளும் இல்லை. மொத்த உலகத்திலும் நம்மோடு மோத இருப்பவை டைட்டன்கள் என்னும் ராட்சத எதிரிகள் மட்டுமே, இருபதுக்குச் சற்றுக் குறைவு. நம்மேல் ஒரு அடி பட்டால் நாம் காலி. டைட்டனின் பலவீனமான இடத்தில் ஒரு அம்பு பட்டால் அது காலி. கையில் இருப்பதும் ஒரே அம்புதான்.

இவ்வளவையும் கழற்றி எறிந்த பிறகு இதைச் சோல்ஸ் வகை என்று சொல்லலாமா என்பது நியாயமான கேள்வி. சொல்லலாம். அந்த வகையின் உயிர் ஸ்டாமினா பட்டையில் இல்லை. எதிரி கையை ஓங்குவதைப் பார்த்து அடுத்து என்ன வரப்போகிறது என்று படிப்பதில் இருக்கிறது. இந்த கேம் அதை மட்டும் வைத்துக்கொண்டது. லெவல் ஏற்றித் தப்பிக்க வழியில்லை என்பதால், பல பெரிய சோல்ஸ் கேம்களைவிட இதில் சாக்குச் சொல்ல இடம் குறைவு.

கரு பிறந்தது 2013 டிசம்பரில் நடந்த லூடும் டேர் 28 என்ற, குறுகிய நேரத்தில் கேம் உருவாக்கும் போட்டியில். அந்த முறை கொடுக்கப்பட்ட தலைப்பின் பொருள், ‘உனக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று’. சில நாள்களில் செய்த அந்தச் சிறு கேமை ஆசிட் நெர்வ் குழு முழு கேமாக வளர்த்தது. டெவால்வர் டிஜிட்டல் அதை 2015 ஏப்ரலில் பிசி, பிஎஸ்4, வீட்டா ஆகியவற்றில் வெளியிட்டது. 2021-இல் ‘டெத்ஸ் டோர்’ கேமைச் செய்ததும் இதே குழுதான். அதை ஆடிவிட்டு இங்கே வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே இருக்கும் நாலு அடி தாங்கும் சலுகை இங்கே கிடையாது.

கட்டுப்பாடு இரண்டே பட்டன். ஒன்று உருளவும் ஓடவும்: தட்டினால் உருளும், அழுத்திப் பிடித்தால் ஓடும். மற்றொன்று அம்புக்கு: பிடித்தால் நாண் இழுபடும், விட்டால் பாயும். எவ்வளவு நேரம் இழுக்கிறீர்களோ அவ்வளவு வேகமும் தூரமும் கூடும். அம்பு கையில் இல்லாதபோது அதே பட்டனைப் பிடித்தால், எய்த அம்பு தரையோடு சறுக்கிக்கொண்டு உங்களை நோக்கி வரும். அழைக்காமல், நேரே போய் அதன்மேல் ஏறி நடந்தாலும் கைக்கு வந்துவிடும்.

விஷயமெல்லாம் இதற்குப் பின்னால் இருக்கும் ஒரு நிபந்தனையில் இருக்கிறது. நாண் இழுக்கும்போதும் நகர முடியாது, அம்பைத் திருப்பி அழைக்கும்போதும் நகர முடியாது. அதாவது தாக்குவதற்கான ஒவ்வொரு கணமும் சாவதற்கான கணம். தப்பிக்க வேண்டுமானால் பட்டனை விட வேண்டும். விட்டால் வந்துகொண்டிருந்த அம்பு வேகம் குறைந்து பாதி வழியில் படுத்துவிடும். புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் சாவது குறி தவறியதால் அல்ல. தவறவிட்ட அம்பை உடனே திரும்பப் பெற வேண்டும் என்ற அவசரத்தில், நின்ற இடத்திலேயே பட்டனைப் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான். அம்பு தூரத்தில் கிடந்தால் கிடக்கட்டும். இரண்டு தாக்குதலைத் தாண்டிவிட்டு, மூன்றாவதுக்கு முன் இருக்கும் இடைவெளியில் அழைத்தால் போதும்.

திரும்பி வரும் அம்புக்கும் கொல்லும் சக்தி உண்டு. இது முதல் அரை மணி நேரத்தில் பலருக்குப் புரிவதில்லை. புரிந்த பிறகு கேமே வேறாகிவிடும். பனிப்பகுதியில் இருக்கும் எட்டி (Yeti) என்ற பனிமனித டைட்டன் இதற்கு நல்ல பாடம். அது பனிக்கட்டிகளை எறியும், பிறகு பந்தாகச் சுருண்டு உங்களை நோக்கி உருண்டு வரும், மேலிருந்து கூரான பனி ஈட்டிகள் விழும். பலவீனமான இடம் அதன் பின்புறம். முகத்தைக் காட்டிக்கொண்டே நிற்கும் ஒன்றின் பின்புறத்தில் எப்படி எய்வது? சுற்றி ஓடி முதுகுப்பக்கம் போவது ஒரு வழி, ஆனால் அதற்குள் அது திரும்பிவிடும். அம்பை முன்கூட்டியே அதற்குப் பின்னால் விழும்படி எய்துவிட்டு, அது உங்களைப் பார்த்து நிற்கும்போது திருப்பி அழைப்பது இன்னொரு வழி. அம்பு, எட்டி, நீங்கள் மூவரும் ஒரே கோட்டில் இருந்தால் முடிந்தது கதை. இந்தக் கோட்டுக் கணக்கு கைவந்துவிட்டால் வேறு சிலவற்றிலும் உதவும்.

தொடக்கத்தில் இருக்கும் நான்கு டைட்டன்களும் ஆளுக்கொரு பாடம். ஸ்லட்ஜ்ஹார்ட் ஒரு கூழ் உருண்டை. அம்பு பட்டால் இரண்டாகப் பிளக்கும், மறுபடி பட்டால் மறுபடி பிளக்கும், துண்டுகள் எல்லாம் உங்கள்மேல் குதிக்கும். இதயம் ஒரு துண்டுக்குள்தான் இருக்கிறது. கண்டபடி எய்து துண்டுகளைப் பெருக்கிக்கொண்டால் நிற்க இடமிருக்காது. இதயம் இருக்கும் துண்டை மட்டும் விடாமல் துரத்திப் பிளந்துகொண்டே போவதுதான் சிக்கனம். துண்டு சிறுத்தால் இதயத்தைச் சுற்றிய கூழும் மெலியும். ஐக்யூப் என்பது உருளும் கல் கனசதுரம், ஒரு முகத்தில் மட்டும் கண். கண் மூடியிருக்கும்போது எய்து பயனில்லை. திறந்தால் லேசர் கற்றையும் கூடவே வரும். அதனால் அது திறப்பதற்கு முன்பே நாணை இழுத்து வைத்திருந்து, திறந்த கணத்தில் விட்டுவிட்டு உருள வேண்டும். திறந்ததைப் பார்த்த பிறகு இழுக்கத் தொடங்கினால் தாமதம்.

பிரெய்ன்ஃப்ரீஸ் பனிக்கட்டிக்குள் உறைந்த ஒரு மூளை. வெறும் அம்பு பனியைத் தொடாது. அறையில் எழும் தீயின் ஊடாக அம்பைச் செலுத்தினால்தான் அது பற்றிக்கொண்டு பனியை உருக்கும். உருகியதும் மூளை வெறுமனே நிற்கும் என்று நினைத்து ஓய்வெடுத்துவிடக்கூடாது, அது துள்ளும். சூழலையும் ஆயுதமாகப் பார் என்பதே இதன் பாடம். கல் அரக்கனான கோலையாத்துக்கு ஒரு கை மார்பை மறைப்பதற்கு, மறுகை ஓங்கி நசுக்குவதற்கு. மார்பில் இருக்கும் ஒளிரும் இடம் மறைப்பு விலகும்போது மட்டும் தெரியும். இங்கே அதிகம் உருளுவது தவறு. உருண்டு எழுந்ததும் ஒரு சிறு தடுமாற்றம் இருக்கிறது, அந்த நேரத்தில்தான் அடுத்த குத்து இறங்கும். ஓடியே விலக முடிகிற தாக்குதலுக்கு உருளாமல் இருக்கப் பழகுவது கேம் முழுக்கப் பயன்படும்.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு சண்டை பத்து இருபது நொடியில் முடிகிறது, ஜெயித்தாலும் தோற்றாலும். செத்ததும் எழுவது டைட்டனின் வாசலில் அல்ல, சற்றுத் தள்ளியிருக்கும் செக்பாயிண்டில். அங்கிருந்து நடந்து வர வேண்டும். சில டைட்டன்களுக்கு அந்த நடை, சண்டையைவிட நீளம். பெரிய சோல்ஸ் கேம்களில் இப்படித் திரும்பி வரும் வழியில் எதிரிகள் இருப்பார்கள், குறுக்கு வழி இருக்கும், விட்ட புள்ளிகள் இருக்கும். அந்த நடைக்கு ஒரு வேலை உண்டு. இங்கே வெறும் புல்லும் பாறையும்தான். முப்பதாவது முறையாக அதே படிக்கட்டில் ஏறும்போது கேம் பொறுமையைச் சோதிக்கவில்லை, நேரத்தைத் தின்கிறது. சுவாரசியமான தோல்விக்கும் உடனடி மறுமுயற்சிக்கும் நடுவில் இந்தச் சுவரை எழுப்பியது ஏன் என்பதற்கு வடிவமைப்பில் ஒரு நல்ல காரணமும் தெரியவில்லை.

இரண்டாவது குறை, ஒரே அடி என்ற விதியே தரும் பக்கவிளைவு. படித்து, புரிந்து, காத்திருந்து எய்த அம்புக்கும், பயந்து கையை விட்டதில் தற்செயலாகப் போய்ப் பட்ட அம்புக்கும் பலன் ஒன்றே. ஒரு டைட்டனிடம் ஐம்பது முறை சாவீர்கள், அடுத்தது முதல் பார்வையிலேயே விழுந்துவிடும். அப்படி விழுந்தால் அதன் அசைவுகளில் பாதியைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஜெயித்த மகிழ்ச்சியைவிட ஏமாற்றம்தான் மிஞ்சும். கடினம் ஏறுமுகமாக இல்லாமல் கரடுமுரடாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

ஆனால் ஐம்பது முறை செத்துக் கடைசியில் பட்ட அந்த ஒரு அம்பு இருக்கிறதே, அதற்கு இணையான கணம் குறைவு. ஒலி சட்டென்று அடங்கும். அம்பு டைட்டனின் உடலிலேயே குத்தி நிற்கும். அதை நீங்களே இழுத்துப் பிடுங்க வேண்டும், அப்போதுதான் ஒளி பீறிட்டு உயிர் உங்களிடம் வரும். வெற்றியைத் திரையில் எழுதிக் காட்டாமல், இத்தனை நேரம் உங்களைக் கொன்ற அதே பட்டனைக் கொண்டே முடிக்கவைத்தது நல்ல யோசனை. டேவிட் ஃபென்னின் இசை ஒவ்வொரு டைட்டனுக்கும் தனியாக இருக்கிறது. வெளி உலகில் அது மெல்லிய காற்றுபோல் பின்வாங்கிவிடும்.

வெளி உலகம் அழகு: காடு, பனிமலை, எரிமலைப் பகுதி, இடிபாடுகள், எல்லாம் சின்னஞ்சிறு பிக்சல்களில். நம் ஆள் அதில் ஒரு எறும்பளவு. கதையை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. வழிகாட்டும் வரைபடமும் இல்லாததால், விட்டுப்போன ஒரே ஒரு டைட்டனைத் தேடி ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு அலைய நேரிடும். கடைசி வாசல் திறக்க எல்லாவற்றையும் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றையும் விடாதவர்களுக்காக ஒரு மறைவான முடிவு வைத்திருக்கிறார்கள். அதற்காக அலைபவர்கள், கண்ட இடத்திலேயே ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு நகர்வது நல்லது; ‘பிறகு வரலாம்’ என்று விட்ட வாசலை மறுபடி கண்டுபிடிப்பது லேசில்லை.

முதல் முறை முடிக்க மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம். பாதிக்குமேல் சாவுக்கும் நடைக்கும் போகும். முடித்த பிறகு திறக்கும் வேறு முறைகளில், கடினமானதும், உருளவோ ஓடவோ முடியாததும், ஒரே உயிரில் தொடக்கம் முதல் இறுதிவரை ஆட வேண்டியதும் உண்டு. உருளாமல் ஆடும் முறையை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்கலாம்: முதல் சுற்றில் எவ்வளவு தேவையில்லாமல் உருண்டோம் என்பது அங்கேதான் தெரியும்.

பிசியில் ஆடுபவர்கள் கேம்பேட் இருந்தால் அதையே எடுங்கள். கீபோர்டில் சாய்ந்த திசைக்கு இரண்டு அம்புக்குறி விசைகளை ஒன்றாக அழுத்த வேண்டும். நாணை விடும் கணத்தில் இரண்டில் ஒரு விரல் முன்னதாக எழுந்துவிட்டால் குறி சாய்விலிருந்து நேராக மாறி, அம்பு டைட்டனின் தோளை உரசிக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போய்விடும். கீபோர்டைத் தவிர வேறு வழியில்லை என்றால், சாய்ந்த குறிகளைத் தவிர்த்து, டைட்டனுக்கு நேர் கிழக்கு மேற்கிலோ வடக்கு தெற்கிலோ போய் நின்று எய்யுங்கள்.