சேறு பூசிய சைக்கிளை அப்படியே வாங்காதீர்கள்

வார இறுதியில் காட்டுப்பாதையில் மலைச் சைக்கிள் ஓட்டலாம் என்று திட்டமிடுபவர்கள், குறிப்பாக வாடகை வண்டியை நம்பிப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் நால்வர் போனோம். இரண்டு நாள் சகதியில் புரண்டோம். திரும்பும்போது டெபாசிட்டில் பாதிக்கு மேல் அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம். சகதியைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அதற்கு ஆசைப்பட்டுத்தானே போனோம். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை மாற்றிக்கொள்வது எளிது, வித்தை மாறாது. அதனால் வித்தையைச் சொல்கிறேன்.

அண்ணன் மகனுக்குப் பதினேழு வயது. தேர்வு முடிந்தால் கூட்டிப்போவதாக அத்தை கொடுத்த வாக்கு. என்னுடன் வேலை பார்க்கும் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவரிடம் சொந்தச் சைக்கிள் உண்டு, ஆனால் நான்கு பேரும் மூட்டைகளும் ஏறிய பிறகு காரில் அதற்கு இடமில்லை. ஆகவே எல்லாமே வாடகை. விளம்பரப் படத்தில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகள் வரிசையாக மின்னின. வழிகாட்டி உண்டு, ஹெல்மெட் உண்டு, தங்க அறை உண்டு, சிவப்புப் பாதைக்கு அழைத்துப்போவோம் என்றும் போட்டிருந்தது. இத்தகைய மையங்களில் பாதைகளுக்கு நிறம் உண்டு: பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு தேர்ந்தவர்களுக்கு மட்டும். சிவப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் பையனுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

முன்பதிவு செய்யும்போது நான் கேட்ட கேள்வி, "மழை எப்படி?" என்பது. "லேசான சேறுதான் மேடம், ஓட்ட நன்றாகவே இருக்கும்" என்று பதில் வந்தது. அது பொய்யில்லை. "இந்த வாரம் எந்தெந்தப் பாதை திறந்திருக்கிறது?" என்று கேட்டிருந்தால் அவர் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். கேட்காதது என் தவறு. போய்ச் சேர்ந்த பிறகு நுழைவாயில் பலகையைப் பார்த்தால், மரம் வெட்டும் வேலைக்காகச் சிவப்புப் பாதை ஒரு வாரத்துக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. இந்தக் காடுகள் பல இடங்களில் மரத்துக்காகவே வளர்க்கப்படுபவை. வெட்டும் இயந்திரம் இறங்கினால் பாதையை மூடத்தான் வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழையில் ஊறிய பாதையைச் சில நாள் மூடி வைப்பதும் சரிதான். ஈர மண்ணில் டயர் கீறிய தடத்தில் அடுத்த மழை வாய்க்கால் வெட்டிவிடும். குறை, தெரிந்தும் பணத்தை வாங்கிக்கொண்டு வாய் திறக்காதவர் மேல். கேட்டபோது, "பாதை எங்களுடையது அல்லவே மேடம்" என்றார். வழிகாட்டிக்குக் காய்ச்சல் என்றார்கள். அவருக்குப் பதில் வந்த இளைஞர் பாதை முதலில் பிரியும் இடம் வரை வந்து, கைகாட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்.

இதெல்லாம் சில்லறை ஏமாற்று. எங்கும் நடப்பது. அடுத்ததற்கு வருகிறேன்.

காலை எட்டு மணிக்கு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். படத்தில் இருந்தவை வேறு. வந்தவற்றில் முன்பக்கம் மட்டும்தான் சஸ்பென்ஷன். அதைவிட, நான்கு வண்டிகளும் சேற்றில் தோய்த்து எடுத்தவை போல இருந்தன. காய்ந்து வெடித்த பழைய சேறு. "நேற்றைய குழு இருட்டிய பிறகுதான் திரும்பியது, கழுவ நேரமில்லை. எப்படியும் பத்து நிமிடத்தில் மறுபடி இப்படித்தானே ஆகப்போகிறது?" என்று சிரித்தார் கடைக்காரர். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எவ்வளவுக்குப் போனது என்று பிறகுதான் கணக்குப் பார்த்தோம். தூறல் வேறு. ஒரு படிவத்தை நீட்டினார். வண்டிகளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம் என்று நடுவில் ஒரு வரி. நனைந்த கையோடு கையெழுத்துப் போட்டேன்.

ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குக் கொடுத்ததன் உட்புற நுரையில் விரல் நீளத்துக்கு விரிசல் இருந்தது. அந்த நுரை ஒருமுறை அடிபட்டு நசுங்கித் தலையைக் காப்பாற்றுவதற்காக மட்டும் செய்யப்பட்டது. விரிசல் விட்டது தொப்பிக்குச் சமம். மாற்றித் தரச் சொன்னேன், தந்தார்கள். அந்தப் புத்தி வண்டி விஷயத்தில் வரவில்லை.

பையன் தன் பம்பை எடுத்துக் காற்றை அளந்தான். 45 பி.எஸ்.ஐ. சாலைக்கு அது பொருந்தலாம். ட்யூப் இல்லாத அகல டயரை ஈரக் காட்டில் ஓட்டும்போது எங்கள் எடைக்கு 20 முதல் 25 வரை போதும். டயர் கொஞ்சம் அமுங்கினால்தான் வேரையும் கல்லையும் பற்றும். டயரின் மேல் புடைத்திருக்கும் ரப்பர் முட்களோ நடுவில் வழுக்கையாகத் தேய்ந்திருந்தன. சேற்றுக்கென்று உயரமான, இடைவெளி விட்ட முட்கள் கொண்ட டயர்கள் இருக்கின்றன. அவை சுற்றும்போதே சேற்றை உதறிவிடும். இவை சேற்றைச் சேர்த்துக்கொண்டு வடை தட்டியது போல் வழவழவென்று உருண்டன. காற்றை இறக்கினோம். அளவுமானியை டயரில் வைத்து அவன் ஒரு படம் எடுத்தான், நண்பர்களிடம் பெருமையடிக்க. அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீலப் பாதையில் முதல் ஒரு மணி நேரம் இன்பமாகவே இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சேற்றுக் குட்டையைச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே விட்டு ஓட்டினால்தான் பாதை அகலமாகிக் கெடாது என்று அந்த இளைஞர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான். முகமெல்லாம் சேறோடு குட்டை குட்டையாகப் பாய்ந்தோம். பிறகு ஒரு நீளமான இறக்கம். பாதி வழியில் பையனின் குரல் கேட்டது: "அத்தை, பிரேக் பிடிக்கவே இல்லை!" கூடவே இரும்பை இரும்பு அறுக்கும் ஓசை. பிரேக் கைப்பிடி ஹேண்டில்பார் வரை வந்து முட்டியும் வண்டி நிற்கவில்லை. பையன் புத்திசாலித்தனமாக இடப்பக்கப் புதரில் சாய்ந்து விழுந்தான். இடது முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. இடது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பேட்களைக் கழற்றிப் பார்த்தால் உராய்வுப் பொருளே இல்லை, பேட்டின் பின்தகடு மட்டும் டிஸ்கை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் உலோக வட்டை, தேய்த்துக்கொண்டிருந்தது. இங்கே கடைக்காரருக்குச் சாதகமான ஓர் உண்மை உண்டு. பிசின் கலந்து செய்த ரெசின் பேட் என்பது சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மணல் கலந்த ஈரச் சேற்றில் சோப்பு போலக் கரையும். மோசமான நாளில் ஒரே சவாரியில் தீர்ந்துபோவதும் உண்டு. உலோகத் தூளை அழுத்திச் செய்த பேட்கள் ஈரத்தில் அதிக நாள் தாங்கும். சேற்றுக்குப் பெயர்போன இடத்தில் வாடகைக்கு விடுகிறவர் அதைத்தான் போட வேண்டும். விலை குறைந்த சில டிஸ்குகளில் ரெசின் பேட் மட்டுமே போட வேண்டும் என்று பொறித்திருப்பதால் அதுவும் முடியாமல் போகும். எங்கள் வண்டிகளில் இருந்தவை அந்த ரகம்தான். எப்படியோ, மறுநாள் காலை புதுப் பேட் போட்டுக் கொடுத்தார்கள். புதுப் பேட்டைச் சமதரையில் இருபது தடவையாவது வேகமெடுத்து, மெல்ல அழுத்திப் பழக்கிய பிறகே இறக்கத்தில் விட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. என் சக ஊழியருக்குத் தெரிந்திருந்ததால் பிழைத்தோம்.

ஞாயிறு மாலை வண்டிகளை ஒப்படைத்தோம். கடைக்காரர் தண்ணீர்க் குழாயை எடுத்தார். முழு வண்டியையும் கழுவுவார் என்று நினைத்தேன். இல்லை. முதல் வண்டியில் மூன்றே இடங்கள்: முன் டிஸ்க், பின் கியரைத் தாங்கும் சிறு அலுமினியத் தகடு, செயின். இரண்டாவது வண்டியில் வேறு இரண்டு இடங்கள். நேராகப் போய் அங்கேயே பீய்ச்சினார். சேற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு வண்டிக்கும் மனப்பாடமாகத் தெரிந்தவர் கை அது. கழுவிய இடத்திலெல்லாம் சேதம். டிஸ்கில் பள்ளம், தகடு உள்நோக்கி வளைவு, செயின் தேய்வு. நாங்கள் கையெழுத்துப் போட்ட படிவம் அவர் சட்டைப் பையில்.

வாதாடினோம். பின் கியரும் அதைத் தாங்கும் அந்தத் தகடும் எப்போதும் வண்டியின் வலப்பக்கம்தான் இருக்கும். பையன் விழுந்ததோ இடப்பக்கம், சிராய்ப்பும் அங்கேதான். "இன்னொரு முறை விழுந்திருப்பார், சொல்லியிருக்க மாட்டார்" என்றார். செயின் தேய்வை அளக்கும் கருவியை வைத்துக் காட்டினார். ஒரு சதவீதக் குறிக்கும் முழுதாக உள்ளே விழுந்தது. அவர் எடுத்த கருவியே அவருக்கு எதிரான சாட்சி. செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம். 24 கண்ணிகள் சேர்ந்தால் 304.8 மி.மீ. ஊசிகள் தேயத் தேய இந்த நீளம் கூடும். ஒரு சதவீதம் என்றால் மூன்று மில்லிமீட்டர். 11, 12 பற்சக்கரம் கொண்ட வண்டிகளில் அரை சதவீதத்திலேயே செயினை மாற்றிவிடச் சொல்வார்கள். இவ்வளவு தேய, சேற்றிலேயே ஓட்டினாலும் பல நூறு கிலோமீட்டர் ஆகும். நாங்கள் இரண்டு நாளும் சேர்த்து ஓட்டியது 31 கிலோமீட்டர். டிஸ்க் கதையும் அதேதான்: புதிதில் 1.8 மி.மீ. இருப்பது, 1.5-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. விளிம்பில் நகம் மாட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. இரண்டு நாளில் வருகிற தேய்மானமா அது?

எதுவும் எடுபடவில்லை. படிவத்தைத் தட்டிக் காட்டினார், அவ்வளவுதான்.

பெருமையடிக்க எடுத்த அந்தப் படம்தான் கைகொடுத்தது. அளவுமானிக்குப் பின்னால், தூறலில் சேறு கரைந்த இடத்தில், பையன் வண்டியின் முன் டிஸ்கும் அதன் பள்ளமும் சனிக்கிழமை காலை 8.20 என்ற நேரத்தோடு தெளிவாக விழுந்திருந்தன. அதை வைத்து அட்டை வழங்கிய வங்கியில் மறுப்புத் தெரிவித்தேன்; அந்த ஒரு டிஸ்குக்கும் பேட்டுக்கும் பிடித்த தொகை திரும்பி வந்தது. மற்ற மூன்று வண்டிகளுக்குப் படம் இல்லை, பணமும் இல்லை.

ஆகையால், கழுவாத வண்டியைத் தொடாதீர்கள். நேரமில்லை என்றால் குழாயை நீங்களே கேட்டு வாங்கிக் கழுவுங்கள், கால் மணி நேரம் போனால் போகட்டும். தர மறுத்தால் அங்கேயே திரும்பிவிடலாம். கழுவிய பின் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில்பாருக்குக் கீழே வண்டியின் கழுத்துப் பகுதி டக் என்று ஆடக் கூடாது. பின்னால் நின்று பார்த்தால் பின் கியரில் தொங்கும் குட்டிச் சக்கரங்கள் பற்சக்கரங்களோடு ஒரே நேர்க்கோட்டில் தெரிய வேண்டும். கடைக்காரர் கண்ணெதிரே வீடியோ எடுங்கள், வலப்பக்கத்தை இரண்டு தடவை எடுங்கள். வண்டியில் இருக்கும் குறையைப் படிவத்தில் உங்கள் கையால் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட் என்பது அட்டையில் நிறுத்தி மட்டும் வைக்கும் தொகையா, எடுத்தே விடும் தொகையா என்றும் கேளுங்கள். எங்களிடம் எடுத்தே விட்டார்கள்.

நாங்கள் மூட்டை கட்டி முடிப்பதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. காரில் ஏறும்போது பையன் திரும்பிப் பார்த்தான். நாங்கள் ஓட்டிய நான்கு வண்டிகளும் திங்கள்கிழமைக் குழுவுக்காக வாசலில் வரிசையாக நின்றன. கழுவிய இரண்டு மூன்று இடங்கள் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தன. கடைக்காரர் குனிந்து, தரையிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார்.