சைனஸ் அடைப்புக்கான வீட்டு வைத்தியங்கள்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

கோயம்புத்தூரில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசத் தொடங்கியதும் என் மூக்கு அடைத்துக்கொள்ளும். மார்கழிப் பனியில் அந்தத் தொல்லை மீண்டும் ஒரு சுற்று வரும். நெற்றியிலும் கன்னத்திலும் கனம், குனிந்தால் முகமெல்லாம் வலி, தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும் சளி, மணம் தெரியாத சாப்பாடு என்று இதன் அவதிகளை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எனக்கு இருப்பது ஒவ்வாமையால் வரும் அடைப்பு என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் எழுதிக்கொடுத்த ஸ்பிரேயை நிறுத்தாமல், அதற்குத் துணையாகப் பல ஆண்டுகளாக வீட்டில் செய்துவருபவற்றில் எது எவ்வளவு கைகொடுத்தது என்பதை எழுதுகிறேன்.

என் அனுபவத்தில் முதலிடம் உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதற்குத்தான். கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையின் வாசல் அதன் அடியில் இல்லை, மேற்பகுதியில் இருக்கிறது. அதனால் நாம் நிமிர்ந்திருக்கும்போது சளி தானாக வழிந்துவிடாது. உட்சுவரில் உள்ள நுண்ணிய இழைகள்தாம் அதை வாசலை நோக்கித் தள்ளிச்செல்ல வேண்டும். தூசியோ பார்த்தீனியச் செடியின் மகரந்தமோ பட்டு மூக்கின் உட்பகுதி வீங்கிவிட்டால் அந்தச் சிறிய வாசல் மூடிக்கொள்கிறது. உப்பு நீர் மூக்கில் படிந்த தூசியையும் கெட்டிச் சளியையும் அலசிவிடுவதால் வீக்கம் தணிய வழி பிறக்கிறது.

உப்பின் அளவு சரியாக இருப்பது முக்கியம். அரை லிட்டர் நீருக்கு நாலரை கிராம் உப்பு சேர்த்தால் உடலின் உப்புத்தன்மைக்கு நெருக்கமான 0.9 சதவீதக் கரைசல் கிடைக்கும். தூள் உப்பென்றால் அது முக்கால் தேக்கரண்டி அளவு. இரண்டு சிட்டிகை ஆப்ப சோடா சேர்த்தால் எரிச்சல் இன்னும் குறையும். வெறும் தண்ணீரை விட்டால் உச்சந்தலை வரை சுரீரென்று ஏறும். கல் உப்பில் மண் கலந்திருக்கக்கூடும் என்பதால் மருந்துக் கடையில் இதற்கென்றே விற்கும் பொட்டலங்களைத்தான் நான் பயன்படுத்துகிறேன். முகம் கழுவும் தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டபடி மேல் நாசியில் வெதுவெதுப்பான நீரை மெதுவாக விட்டால், அது மறு நாசி வழியாக இழை இழையான சளியோடு வெளியே வரும். முடிந்ததும் இரண்டு நாசிகளையும் இறுக மூடிக்கொண்டு பலமாகச் சிந்தக் கூடாது. அப்படிச் சிந்தினால் நீர் காதுப் பக்கம் ஏறி அடைத்துக்கொள்ளும். உள்ளே தேங்கிய நீர் அரை மணி நேரம் கழித்துக்கூட, கீழே கிடக்கும் செய்தித்தாளை எடுக்கக் குனியும்போது, சட்டென்று மூக்கிலிருந்து ஒழுகும். ஆகவே வெளியே கிளம்பும் நேரத்திலும் படுக்கப் போகுமுன்னும் இதைச் செய்வதில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குழாய் நீரையோ கிணற்று நீரையோ அப்படியே மூக்கில் விடவே கூடாது. மூளையைத் தின்னும் அமீபா என்று செய்திகளில் வரும் நெக்லேரியா ஃபௌலேரி குடிக்கும் நீரால் நோய் உண்டாக்குவதில்லை. மூக்கு வழியாக நுழைந்தால்தான் மூளையை எட்டுகிறது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இதனால் இறந்தனர். பக்கத்தில் கேரளத்திலும் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சலால் உயிரிழப்புகள் நேர்ந்தன. தண்ணீர் தளதளவென்று கொதித்த பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் விட்டு, மூடி ஆறவைத்து, அன்றைக்கே பயன்படுத்துகிறேன். குடுவையையும் கொதிநீரால் கழுவிக் கவிழ்த்துக் காயவிடுகிறேன்.

அடுத்தது வேது பிடித்தல். எங்கள் வேலியோரத்து நொச்சியில் ஒரு கொத்தை உருவிக் கொதிநீரில் போட்டால் எழும் அந்தக் காரமான பச்சை வாசனையே பாதித் தலைபாரத்தை இறக்கிவிடுவது போலிருக்கும். காய்ந்து ஒட்டிய சளியை ஆவி இளக்கிக் கொடுக்கிறது. மூக்கு முழுவதும் அடைத்திருக்கும் நாளில் முதலில் வேது பிடித்துவிட்டுப் பிறகு உப்பு நீர் விட்டால் எளிதாக இறங்குகிறது. ஆனால் இதன் சுகம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதில்லை. சைனஸ் தொல்லை நாட்பட்டு இருந்த 871 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்விலும், மூக்கைக் கழுவியவர்களுக்கு ஓரளவு முன்னேற்றமும், ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி குறைந்ததைத் தவிர வேறு பெரிய பலன் இல்லாமையும் தெரிந்தது. என் அனுபவமும் அதுவே. தரையில் பாத்திரத்தை வைத்துப் போர்வைக்குள் குந்துவது ஆபத்தானது. பாத்திரத்தை அசையாத மேசையில் வைத்து, கொதி சற்று அடங்கிய பிறகே குனிய வேண்டும். குழந்தைகளுக்கு வேது பிடிக்கவே வேண்டாம்.

நீலகிரித் தைலமும் மெந்தால் கலந்த தைலங்களும் தரும் நிம்மதி வேறு வகையானது. மெந்தால் மூக்கிலுள்ள குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் காற்று தாராளமாகப் போவதாகத் தோன்றுகிறதே தவிர, அடைப்பு அப்படியேதான் இருக்கும். தூக்கம் பிடிக்க அந்தத் தோற்றமே போதும் என்பதால் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வேன். கற்பூரம் கலந்தவற்றைக் கைக்குழந்தைகளின் மூக்கருகே கொண்டுபோகக் கூடாது. நீர்க்கோவை மாத்திரையை வெந்நீரில் குழைத்து நெற்றியில் போடும் பற்று, வலிக்கு இதமாக இருக்கிறது. மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகையை இழுப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஏற்கெனவே புண்பட்டிருக்கும் உட்சுவருக்கு எந்தப் புகையும் எரிச்சல்தான். மிளகு ரசம் சூடாகக் குடித்தால் சளி இளகும். மஞ்சள் பால் தொண்டைக்கு நல்லது, மூக்கில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

படுக்கும்போது தலையணையை உயர்த்திக்கொண்டு, அதிகம் அடைத்த பக்கம் மேலே இருக்குமாறு ஒருக்களித்துப் படுப்பது செலவில்லாத உதவி. கீழ்ப்பக்கத்து நாசியில்தான் இரத்தம் தேங்கி வீங்கும். மருந்துக் கடையில் கேட்டதும் கிடைக்கும் சைலோமெட்டாசொலின் சொட்டு மருந்து நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருந்து இல்லாதபோதெல்லாம் முன்னைவிட அதிகமாக அடைக்கும் நிலை வந்துவிடுகிறது.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மாற்றம், கடும் காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவை தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பத்து நாட்களாகியும் குறையாத சளியையும், குறைந்து மீண்டும் கூடும் வலியையும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வேர் கன்னத்துச் சைனஸை ஒட்டியே இருக்கிறது. என் அக்காவுக்கு எத்தனை வேது பிடித்தும் போகாத அந்த நாற்றம், சொத்தை விழுந்த பல்லுக்கு வேர் சிகிச்சை செய்த பிறகுதான் நின்றது.