நக்கர் ரோரிக் அருங்காட்சியகம்: ஒரு படுதாக்காரனின் பார்வையில்

மணாலிக்கு டூர் போகிறவர்கள் பெரும்பாலும் சோலங், ரோத்தாங், மால் ரோடு என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து 20 கிலோமீட்டர்ச் சொச்சத்தில், பியாஸ் ஆற்றின் இடது கரையில் நக்கர் என்றொரு ஊர் இருக்கிறது. ரஷ்ய ஓவியர் நிக்கோலாய் ரோரிக் 1928-இல் குடியேறி, 1947-இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு அங்கேதான். இப்போது அது அருங்காட்சியகம்.

நான் நாடகப் படுதாவும் ஸ்டுடியோ பின்னணித் திரையும் வரைந்து பிழைத்தவன். ஃப்ளெக்ஸ் வந்தபின் தொழில் படுத்துவிட்டது. கண் மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை. அதனால் இது கொஞ்சம் தொழில்காரன் பேச்சாகத்தான் இருக்கும்.

ஆளுயரப் படங்களை எதிர்பார்த்துப் போக வேண்டாம். சில அறைகள், சுவரெல்லாம் மலைகள், அவ்வளவுதான். ஒரு படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். முகடு முடியும் இடத்தில் அடர்நீலம் சட்டென்று நிற்கிறது. பின்னாலிருக்கும் மலை அதைவிட ஒரு படி வெளிறிய நீலத்தில் தொடங்குகிறது. நடுவே இழைத்துக் குழப்பும் வேலையே இல்லை. படுதாவில் நாங்கள் செய்வதும் இதேதான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் மலை மலையாகத் தெரிய வேண்டுமென்றால் தட்டையான பரப்பும் தெளிவான விளிம்பும் வேண்டும். பளபளப்பும் கிடையாது. எண்ணெய் வண்ணத்திலிருந்து டெம்பராவுக்கு, அதாவது எண்ணெய்க்குப் பதில் பசையில் பொடியைக் குழைக்கும் வண்ணத்துக்கு, மாறியவர் அவர். வச்சிரப் பசையில் வண்ணப்பொடியைக் குழைத்து அடித்த திரை காய்ந்ததும் ஒரு மங்கல் வருமே, அதே மங்கல்.

இது தற்செயல் இல்லை. மனிதர் மேடைக்கு வரைந்தவர். 1913-இல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தத்தின் சடங்கு’ பாலே அரங்கேறிய இரவில் பார்வையாளர்கள் கூச்சல் போட்டு ரகளை செய்தார்களே, அதற்குக் காட்சித்திரையும் உடையும் வடிவமைத்தது ரோரிக்தான். அப்பா நோட்டரி, பையனும் சட்டம் படிக்க வேண்டுமென்று பிடிவாதம். சட்டத்தோடு ஓவியமும் சேர்த்தே படித்தார். ஆசிரியர் குயின்ஜி நிலவொளி வரைவதில் மன்னன். சீடனின் மலைகளில் வெளிச்சம் பின்னாலிருந்து கசிவது அந்தக் கையிலிருந்து வந்தது என்றே எனக்குப் படுகிறது.

“கலர் கொஞ்சம் ஓவர்ப்பா, மலை எங்கே ஊதாவா இருக்கு?” என்றாள் மகள். வாசலுக்கு வந்து பள்ளத்தாக்கைப் பார்க்கச் சொன்னேன். வெயில் சாயும் நேரம். எதிர்மலை ஊதாவாகத்தான் இருந்தது. அப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முனிவர்களும் தீர்க்கதரிசிகளும் வரும் படங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. உருவம் வந்ததும் மலை பின்னணியாகிவிடுகிறது. அவருடைய பலம் ஆளில்லாத மலைதான்.

மேல்மாடி அறைகளை வெளியே நின்று கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். பழைய டாட்ஜ் கார் ஒன்றும் நிற்கிறது. மகன் ஸ்வெட்டோஸ்லாவும் ஓவியர். நடிகை தேவிகா ராணியை 1945-இல் மணந்தவர். என்னோடு வந்த சினிமாப் பைத்தியங்களுக்கு அவர்கள் இருவரையும் நினைவூட்டும் அறைதான் பிடித்தது. வீட்டுக்குக் கீழே ரோரிக்கைத் தகனம் செய்த இடத்தில் நினைவுக்கல் இருக்கிறது. தேவதாரு மரத்தடியில் உள்ளூர் தெய்வங்களின் கற்சிலைகளையும் தவறவிடாதீர்கள், குதிரைமேல் குகா சௌகான் அழகு.

திங்கட்கிழமை விடுமுறை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூடுவார்கள். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. நக்கர் கோட்டையிலிருந்து ஏற்றம். முட்டிவலிக்காரர்கள் வண்டியிலேயே மேலே போய்விடுங்கள். டாக்சி பேசும்போதே இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் டிரைவர் இருபது நிமிடம் போதும் என்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.