பைக் டீட்டெயிலிங்: சிசி ரேட்டா, மணிக்கணக்கா? நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

சென்னையில் பல டீட்டெயிலிங் கடைகளில் (வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து, பாலிஷ் போட்டு, பூச்சு பூசும் கடைகள்) விலைப்பலகை சிசி, அதாவது இன்ஜின் அளவு, கணக்கில்தான் தொங்கும். 150 வரை ஒரு ரேட், 350 வரை ஒரு ரேட், அதற்கு மேல் இன்னொன்று. அந்த முறையையும் மணிக்கணக்கில் விலை போடும் முறையையும் நீண்ட நாள் வைத்துப் பார்த்ததில் சிசி ரேட் தேறவில்லை. டெலிவரிக்கு ஓடும் 100 சிசி ஸ்ப்ளெண்டரின் செயின், ஸ்விங் ஆர்ம், பின் ரிம் மூன்றிலும் படிந்திருக்கும் கிரீஸ் கலந்த மண்ணை எடுக்கவே இரண்டு மணி நேரம் போகும். கவர் போட்டு நிறுத்திய 390 டியூக்கில் மொத்த வேலையுமே அரை நாளில் முடிந்துவிடும். பலகைப்படி பார்த்தால் கஷ்டமான வேலைக்குக் குறைந்த காசு, சுலபமான வேலைக்கு அதிக காசு.

இன்னொரு தப்புக் கணக்கு, காரில் பாதி விலை வைப்பது. பைக்கில் பெயின்ட் பரப்பு குறைவுதான். ஆனால் ஒரே வண்டியில் கிளியர் கோட் (பெயின்ட் நிறத்தின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சு), குரோம், வெறும் அலுமினியம், அனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் மேல்படலம் ஏற்றிய) ஃபோர்க், ஏபிஎஸ் பிளாஸ்டிக், ரப்பர், ரெக்சின் எல்லாம் ஒரு சாண் இடைவெளியில் நிற்கும். ஒன்றுக்குப் போடும் கெமிக்கல் பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும். நேரம் போவது அங்கேதான்.

மணிக்கணக்கு விலையை எப்படிப் பிடிப்பது? ஒரு சின்னக் கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வாடகை ₹12,000, கரன்ட் தண்ணீர் ₹3,000, உதவியாள் சம்பளம் ₹15,000, மெஷின் தேய்மானம் ₹2,000, உங்கள் சம்பளம் ₹30,000. மொத்தம் ₹62,000. மாதம் 26 நாள் கடை திறந்தாலும் ஒரு நாளில் பில் போடக்கூடிய நேரம் ஐந்து மணிக்கு மேல் வராது. மிச்சம் போன் பேசுவதிலும், துணி துவைப்பதிலும், வண்டிக்காரர் வரக் காத்திருப்பதிலும் போய்விடும். ஆக 130 மணி நேரம். 62,000-ஐ 130-ஆல் வகுத்தால் ₹477; ₹480 என்று வையுங்கள். சொந்தச் சம்பளத்தைச் சேர்க்காமல் கணக்குப் போட்டு ₹250-க்கு வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். கடை ஓடும், வீடு ஓடாது.

இப்போது கிளாசிக் 350, ஸ்போக் வீல், ஓரளவு பராமரித்த வண்டி. சோதனையும் போட்டோவும் அரை மணி. செயின், அடிப்பகுதி ஒன்றரை. வாஷ், உலர்த்தல் ஒன்று. இரும்புத் தூள், தார் எடுப்பது அரை. டேங்க், மட்கார்டு பாலிஷ் இரண்டு. குரோம், ஸ்போக்ஸ், அலுமினியம் ஒன்றரை. கடைசி துடைப்பு அரை. ஏழரை மணிக்கு ₹3,600, சாமான் செலவு ₹400, மொத்தம் ₹4,000. வாட்டர் வாஷ் ரேட்டை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இது அதிர்ச்சிதான். அவரிடம் பேரம் பேசுவதை விட, நேரத்தைப் பிரித்து எழுதிக் காட்டினால் அவரே "குரோம் வேண்டாம், மத்ததை மட்டும் பண்ணுங்க" என்று ஒன்றை விடுவார். அதுதான் நல்ல பேரம். உங்கள் மணி விலை குறையவில்லை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், 18 சதவீதம் வரும். அந்தப் பக்கம் நெருங்கும்போதே "வரி தனி" என்று சொல்லிப் பழகுங்கள்.

வண்டியைக் கழுவும் முன் இறுதி விலை சொல்வதில்லை என்பது நிலைத்து நின்ற விதி. போனில் "இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை" என்று மட்டும். கழுவி, காய்ந்து, டார்ச் அடித்த பிறகே உண்மை தெரியும். நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டுங்கள். மாட்டினால் பாலிஷில் போகாது, குறையும், அவ்வளவுதான். "அண்ணா, இது போயிடுமா?" என்று கேட்கும் தம்பியின் விரலையே அதில் வைத்துக் காட்டினால் அதற்கு மேல் வாதம் இல்லை. பெயின்ட் கனம் அளக்கும் சாதாரண கேஜ் உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும். டேங்கை அளக்கலாம், பிளாஸ்டிக் ஃபேரிங், சைடு பேனலை அளக்க முடியாது. டேங்கில் ஒரு பக்கம் 120 மைக்ரான், இன்னொரு பக்கம் 400 என்று காட்டினால் அங்கே பட்டி பார்த்து ரீபெயின்ட் ஆகியிருக்கிறது. அதைப் போட்டோவோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் மெஷினைத் தொட வேண்டும்.

வாஷில் கெட்டுப்போவது பெரும்பாலும் பிரஷர் கன்னால்தான். வீல் பேரிங், ஸ்டீரிங் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்), ஃபோர்க் ஆயில் சீல், சுவிட்ச் பெட்டி, ரேடியேட்டர் ஃபின், செயினின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஆகியவற்றுக்கு நேராக அடித்தால் கிரீஸ் வெளியே, தண்ணீர் உள்ளே. சைலன்சர் வாயையும் சாவித் துளையையும் மூடிவிட்டுத் தொடங்குங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ஷாம்பூ காய்ந்து கறையாகும். போர் தண்ணீரின் உப்பு வெயிலில் காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி ஆர்ஓ தண்ணீர் வைத்தால் பாதி பிரச்சினை தீரும். விழுந்துவிட்ட வட்டத்துக்கு வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியில் ஒற்றி உடனே அலசலாம். அதிலும் போகாதது கிளியர் கோட்டை அரித்துவிட்டது, அதற்குப் பாலிஷ்தான்.

செயினுக்கு மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோலும் இரும்பு பிரஷும் ஓ-ரிங்கைத் தின்றுவிடும். இன்ஜினை ஓடவிட்டு கியரில் சக்கரம் சுழல செயின் துடைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். விரல் போன கதைகள் அப்படித்தான் வருகின்றன. கையால் சுற்றுங்கள்.

அலுமினியத்தில்தான் அதிக நஷ்டம். "இன்ஜின் கிளீனர்" என்று லூசில் விற்கும் கடுமையான காரமோ ஆசிட்டோ பட்டால் கேஸிங்கில் திட்டுத்திட்டாக வெளுத்து நிற்கும், தங்க நிற ஃபோர்க்கில் நிறமே போய்விடும். ஏபிசி என்று விற்கும் பொதுக் கிளீனரை ஒன்றுக்குப் பத்து தண்ணீரில், கிரீஸ் இடத்துக்கு மட்டும் ஒன்றுக்கு நாலில் கலந்து, காயவிடாமல் அலசுவதே நீண்ட நாளில் பிரச்சினை தராத அளவு. பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் ஓர வண்டிகளில் கடல் காற்றுக்குக் குரோமில் பொடிப்பொடியாகத் துரு வரும். மேலோட்டமானதை அலுமினிய ஃபாயிலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தே எடுக்கலாம். குழி விழுந்துவிட்டால் முலாம் போய்விட்டது என்று அர்த்தம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாலிஷுக்கு மூன்று இஞ்ச் டிஏ மெஷின் (டூயல் ஆக்ஷன், பேட் சுழன்றபடியே சுற்றியும் வரும்) முதல் வேலையாள், ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச் பேட் வைத்த சின்ன மெஷின் இரண்டாவது. ஐந்து இஞ்ச் மெஷின் காருக்கு நல்லது. பைக்கில் டேங்க் வளைவில் ஓரத்தை மட்டும் தேய்த்துக் கிளியர் கோட்டைக் கிழிக்கும். சாஃப்ட் பேட், ஃபினிஷிங் பாலிஷில் ஒரு கையகல இடத்தில் சோதித்து, பலன் இல்லாவிட்டால் மட்டுமே கடினத்துக்குப் போங்கள். கிளாசிக் டேங்கில் கையால் வரைந்த கோடு இருந்தால் அதன் மேல் டேப் ஒட்டி, கோட்டோரத்தைக் கையாலேயே முடியுங்கள். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. ஒரே இடத்தில் நின்றால் பெயின்ட் மென்மையாகி இழுபடும். புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் நிறுத்துங்கள். டேங்க் மூடி இறுக்கமாக இருக்கட்டும், கடை ஷட்டர் திறந்திருக்கட்டும். மோட்டாரில் கார்பன் பிரஷ் உள்ள மெஷினில் பொறி பறக்கும், பக்கத்தில் பெட்ரோல்.

மேட் பெயின்ட் வண்டிக்கு மெஷினே கிடையாது. ஒரு முறை பாலிஷ் பட்ட இடம் பளபளத்து நிற்கும், திரும்ப வராது. மேட் வண்டியில் கீறலை எடுத்துத் தருகிறோம் என்று எந்தக் கடை சொன்னாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

செராமிக் கோட்டிங், அதாவது பெயின்ட் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு பற்றி. 30 மில்லி பாட்டிலில் ஒரு பைக்குக்கு 10 முதல் 15 மில்லி போதும். திறந்த பாட்டில் நாளாக ஆகக் கெட்டியாகிவிடும் என்பதால், இரண்டாவது வண்டி கையில் இல்லாவிட்டால் முழுப் பாட்டில் விலையை முதல் வண்டியில் ஏற்றத்தான் வேண்டும். ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்து, சின்னச் சின்னப் பகுதியாகப் பூசி, இறுகும் முன் துடைத்துவிட வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் பாட்டிலில் எழுதிய நிமிடத்தை நம்ப முடியாது, தாமதித்தால் மேகம் மாதிரி திட்டு உறைந்துவிடும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பூ கூடாது. 9எச் என்பது பென்சில் சோதனையின் அளவு. சாவிக் கீறலையோ கல் அடியையோ தடுக்காது. நீண்ட நாள் பார்த்ததில் முதலில் தேய்வது டேங்கில் முட்டி உரசும் இடம், அடுத்தது பெட்ரோல் வழியும் மூடிச் சுற்று. மட்கார்டிலும் ஹெட்லைட் கூட்டிலும் நன்றாகவே நிற்கிறது. ஆகவே "ஐந்து வருஷம்" என்று எழுதித் தருவதை விட்டுவிட்டு, ஒரு வருஷம் என்று சொல்லி, மாதம் ஒரு மணி நேரப் பராமரிப்பு வாஷை ₹500-க்கு விற்பது இரு பக்கமும் லாபம். முட்டி இடத்துக்குப் பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்கும் ஒளி ஊடுருவும் ஃபிலிம்) ஒட்டச் சொல்வது இன்னும் நேர்மையான யோசனை. கோட்டிங் வேலைக்கு மட்டும் பாதி முன்பணம் வாங்குங்கள், பாட்டில் உங்கள் காசு.

டிரெஸ்ஸிங் (பிளாஸ்டிக், ரப்பருக்குப் போடும் பளபளப்புத் திரவம்), செயின் லூப் (செயினுக்குப் போடும் மசகு), சிலிக்கான் ஸ்ப்ரே மூன்றையும் துணியில் எடுத்துத்தான் போட வேண்டும், நேராக அடிக்கக் கூடாது. டிஸ்க்கில் ஒரு தூறல் பட்டால் பிரேக் போச்சு. சீட், ஃபுட்ரெஸ்ட், கைப்பிடி, டயரின் தரை தொடும் பாகம் நாலிலும் பளபளப்பு வேண்டவே வேண்டாம், "ஏன் சீட்டு மட்டும் மங்கலா இருக்கு?" என்று கேட்பார்கள், வழுக்கும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். சாவியைக் கொடுக்கும் முன் டிஸ்க் இரண்டையும் ஐபிஏ துணியால் துடைத்து, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, தெருமுனை வரை மெதுவாக ஓட்டி முன் பிரேக், பின் பிரேக்கைத் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். இதற்கான பத்து நிமிடத்தையும் மணிக்கணக்கில் சேர்த்துத்தான் பில் போட வேண்டும்.