ஸ்டென்ட் வைத்தபின் மாரடைப்பா இல்லையா: இரண்டு அளவுகோல்கள், இரண்டு பதில்கள்

ஸ்டென்ட் வைத்த மறுநாள் ரத்தப் பரிசோதனையில் ட்ரோபோனின், அதாவது இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம், ஏறியிருக்கிறது. பலூனை விரித்தபோது ஒரு பக்கக்கிளை அடைபட்டிருக்கலாம். கொழுப்புப் படிவின் துகள்கள் நழுவிப்போய் நுண்குழாய்களில் சிக்கியிருக்கலாம். எப்படியோ கொஞ்சம் இதயத் தசை செத்திருக்கிறது. இதை மாரடைப்பு என்று சொல்லலாமா?

2018இல் வந்த, மாரடைப்புக்கான நான்காவது உலகளாவிய வரையறை, முன்பு ட்ரோபோனின் இயல்பாக இருந்தவருக்கு அது இயல்பு அளவின் மேல்வரம்பைப்போல் 5 மடங்கைத் தாண்ட வேண்டும் என்கிறது. பைபாஸுக்கு 10 மடங்கு. அதோடு ஈசிஜி, எக்கோ, ஆஞ்சியோ என ஏதாவது ஒன்றில் புதிய சான்றும் வேண்டும். சான்று இல்லாவிட்டால் அது வெறும் தசைக் காயம்தான்.

ஸ்காய் என்ற அமெரிக்க இதயக்குழாய் சிகிச்சை நிபுணர்கள் சங்கம் 2013இல் தந்த வரையறைக்கு எண்ணே போதும்: சிகே-எம்பி என்ற இதயத் தசை நொதி 10 மடங்கு, அல்லது ட்ரோபோனின் 70 மடங்கு. ஈசிஜியில் புதிதாக க்யூ அலை (தசை செத்ததன் அடையாளம்) தெரிந்தால் இந்த வரம்புகள் பாதியாகும். ஸ்டென்டுக்கும் பைபாஸுக்கும் ஒரே அளவு.

இந்த 'ஒரே அளவு' நியாயமாகத் தோன்றும், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. பைபாஸில் இதயத்தை நிறுத்துவதும் தையல் போடுவதுமே நொதியை ஏற்றிவிடும். இதயத்தின் இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்புள்ள 1,905 பேரிடம் ஸ்டென்டையும் பைபாஸையும் ஒப்பிட்ட எக்ஸெல் ஆய்வில் இதன் விளைவு அப்பட்டமாகத் தெரிந்தது. ஸ்காயை ஒட்டிய அதன் சொந்த வரையறைப்படி சிகிச்சையை ஒட்டிய மாரடைப்பு ஸ்டென்டில் 3.6%, பைபாஸில் 6.1%. உலகளாவிய வரையறையின் முந்தைய, மூன்றாவது பதிப்பால் எண்ணியபோது ஸ்டென்டில் 4.0%, பைபாஸில் 2.2%. நோயாளிகள் அதே பேர், முடிவு தலைகீழ்!

சரி, அப்படியானால் ஸ்காயை ஒதுக்கிவிடலாமா? அதுவும் சரியில்லை. அதே ஆய்வில், ஸ்டென்ட் வைத்தவர்களிடம் 5 ஆண்டு இதய மரணத்தோடு தொடர்பு காட்டியது ஸ்காயை ஒட்டிய வரையறை கேட்கும் பெரிய நொதி ஏற்றம்தான். உலகளாவிய வரையறை அங்கே காட்டவில்லை. பைபாஸில் இரண்டுமே காட்டின. அதனால் ஸ்டென்டுக்கு உயர்ந்த வரம்பு வேண்டும், பைபாஸுக்குச் சான்று கட்டாயம் வேண்டும் என்பேன். ட்ரோபோனின் 35 மடங்கும் ஒரு சான்றும் கேட்கிற, ஏஆர்சி-2 என்ற 2018இன் இன்னொரு நிபுணர் குழு வரையறை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. என் மனம் அதன் பக்கம்தான் சாய்கிறது.

இதில் எதைப் பிடித்தாலும், சிகிச்சைக்கு முன் ஒரு ட்ரோபோனின் எடுத்து வைத்திருக்க வேண்டும். மாரடைப்போடு வந்தவருக்கு அது ஏற்கெனவே உயர்ந்திருக்கும். முந்தைய அளவு கையில் இல்லாமல், மறுநாள் எண்ணில் எவ்வளவு ஸ்டென்டால் ஏறியது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.