மே சலோங் ஊலோங் தேயிலை: பெக்டரிக்காரன் குடித்துப் பார்த்தது

சின்னம்மாவின் மகன் தாய்லாந்து போய் வந்தபோது கொண்டு வந்து தந்த பாக்கெட். இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில், கொழுந்தைச் சுருட்டும் ரோலருக்குப் பக்கத்திலேயே நிற்பவன் நான். முதலில் கையில் கொட்டித்தான் பார்த்தேன். தூளே இல்லை. கொழுந்தைக் காம்போடு சுருட்டி மிளகளவு உருண்டையாக்கியிருக்கிறார்கள். சுடுதண்ணி ஊற்றியதும் மெல்ல விரிந்து முழு இலையாகவே தெரிகிறது. எங்கள் பிஓபி என்ற நொறுக்கிய தேயிலை ரகத்தில் இலையின் உருவத்தைத் தேடினாலும் கிடைக்காது.

சாயம் பொன்னிறம், லேசான பூவாசம். பாலும் சீனியும் சேர்த்தால் கெட்டுவிடும். அதே இலையில் மறுபடி மறுபடி ஊற்றலாம், இரண்டாவது ஊற்றுதான் அருமை. கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் கடும் சாயம் குடித்தே பழகிய அம்மா மட்டும், "சாயமே இறங்கலையே மகன்" என்றார். காய்ச்சும் முறையைத் தாய், சீன மொழிகளில் மட்டும் போட்டிருப்பது ஒரு குறை.

பின்பக்க முகவரியைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு எண், கிராம எண், மே சலோங் நோக் தம்போன், மே ஃபா லுவாங் அம்போ, சியாங் ராய் மாகாணம். பல கிராமங்கள் சேர்ந்தது தம்போன். அம்போ நம் பிரதேச செயலகப் பிரிவு மாதிரி. அம்போ அதிகாரியை அரசு நியமிக்கிறது, கிராமத் தலைவரை ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மியன்மார் எல்லையோரத்து இந்த மலை 1992இல்தான் மே சான் அம்போவிலிருந்து துணை அம்போவாகப் பிரிந்தது. 1996இல் முழு அம்போவானது.

சீனாவில் 1949இல் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற கோமிந்தாங் என்ற தேசியக் கட்சியின் படையில் ஒரு பகுதி, பர்மா வழியாக வந்து 1960களில் அங்கே குடியேறியது. தாய் அரசுக்காகக் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரரோடு சண்டையிட்டதால் பலருக்குக் குடியுரிமை கிடைத்தது. அபின் விளைந்த சரிவுகளில் பிறகு தைவான் தேயிலை ஏறியது. அக்கா என்ற பழங்குடி போன்ற மலைமக்களில் பலரோ குடியுரிமைக்கு இன்னும் அலைகிறார்கள். அந்த அலைச்சல் நமக்குத் தெரியாததா? 1948இல் பறிபோன நம் மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினை 2003 சட்டம் வரை இழுத்ததே.

குடியுரிமை வந்தும் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீட்டுக்கு எண் இல்லை. தோட்டப் பெயர், தோட்டத்தின் எந்தப் பிரிவு என்று சொல்லும் டிவிஷன், அவ்வளவுதான் முகவரி. கடிதம் தோட்ட ஆபிசுக்கு வந்து, கைமாறி வீடு சேரவேண்டும். தங்கச்சியின் நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி போன பிறகுதான் வந்தது. தேயிலை செய்கிறவர்களுக்கு வீட்டு எண்ணோடு முகவரி கொடுக்க முடியும் என்பதற்கு இந்தப் பாக்கெட்டே சாட்சி. உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்ய 2018 சட்டத் திருத்தம் வழிவிட்டிருக்கிறது. கதவில் எண் போடுவதிலிருந்தே தொடங்கட்டும்.

சரி, வாங்குகிறவர்களுக்கு: சின்னப் பானை போதும், உருண்டைகளைக் கொஞ்சமாகப் போடுங்கள், இலை விரிய இடம் வேண்டும்.