மேடை நடனம்: மேனுவலா, ஆட்டோவா?

பரதநாட்டிய மேடையைப் படமெடுப்பது என்றால் நான் யோசிக்காமல் கேமராவில் மேனுவலுக்கு, அதாவது வெளிச்ச அளவுகளை நாமே வைக்கும் முறைக்கு, போய்விடுவேன். காரணம், பின்னால் தொங்கும் கறுப்புத் திரை. எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கேமராவின் ஒளிமானி கணக்குப் போடுகிறது. படத்தில் முக்கால் பங்கு கறுப்பாக இருந்தால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். விளைவு: ஆடுபவரின் முகம் வெளுத்துப்போகும், நெற்றிச்சுட்டியின் சிவப்புக் கற்கள் வெறும் வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். மேனுவலில் எஃப் எண் (லென்ஸ் திறப்பு) 2.8, ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 என்று தொடங்கி, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்திக்கொண்டால் போதும். விளக்கு மாறாதவரை, திரை எவ்வளவு தெரிந்தாலும் கவலையில்லை.

விளக்கு மாறினால்? பாட்டுக்குப் பாட்டு வண்ணம் மாற்றும் சபாக்களில் பொறுமை சோதிக்கப்படும். அங்கே எஃப் எண்ணையும் ஷட்டரையும் கையில் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டு, கேமரா போடும் வெளிச்சக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈட்டை மைனஸ் 1 பக்கம் தள்ளுவேன்.

சாமி புறப்பாடு வேறு கதை. வெயில், பந்தல் நிழல், மறுபடி வெயில். மேனுவலில் திருகிக்கொண்டிருந்தால் சப்பரம் தெருமுனை தாண்டிவிடும். லென்ஸ் திறப்பை நாம் வைக்க, ஷட்டரைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் அபர்ச்சர் முன்னுரிமையே சரி. ஷட்டர் வேகத்துக்குக் கீழ்வரம்பு வைக்காவிட்டால் தவில்காரர் கை கலங்கிவிடும்.